மார்கழி கழியட்டும் என்றிருந்தேன்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் பட்ஜெட் வந்த மறுநாள், பன்னிரண்டாம் வகுப்புக் கரும்பலகையில் இரண்டு பெரிய வட்டங்கள் போடுவேன். அரசாங்கத்துக்கு ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. அந்த ரூபாய் எங்கே போகிறது என்பது மற்றது. பேப்பரில் வரும் படத்தைப் பார்த்துத் துண்டு துண்டாகப் பிரிப்பேன். பாகூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறவள் நான். வட்டம் போட எனக்குக் காம்பஸ் வேண்டாம், தோளைச் சுழற்றினால் போதும்.

இரண்டாவது வட்டத்தில் பென்ஷன் என்று ஒரு சின்னத் துண்டு உண்டு. அதைப் போடும்போது மட்டும் சாக்பீஸ் அழுந்தி உடைந்துவிடும். அந்தத் துண்டில் எனக்கு இடமில்லை. பக்கத்து அறையில் வணிகவியல் நடத்துகிறாளே, அவளுக்கு உண்டு. கறாராகச் சொன்னால் அவள் பென்ஷன் டெல்லி வட்டத்தில் வராது. விதிதான் டெல்லியுடையது, பணம் புதுச்சேரி பட்ஜெட்டிலிருந்து போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்தத் துண்டைப் பார்த்தால் அவள் அதற்குள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதுதான் என் கண்ணுக்குத் தெரியும்.

அவளும் நானும் எம்.ஏ., எம்.காம். படித்த காலத்திலிருந்து ஒரே பஸ். அவள் வில்லியனூரில் ஏறுவாள். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்து அவளிடம் சொன்னதே நான்தான். இரண்டு பேரும் மனுப் போட்டோம். தேர்ச்சிப் பட்டியலில் நான் முதலிடம், அவள் நான்காவது. ஒரே நாளில் ஆர்டர் வந்தது. ஒரு மாதத்துக்குள் வேலையில் சேர வேண்டும் என்று போட்டிருந்தது. அப்போது மார்கழி பிறந்திருந்தது.

மார்கழியில் எங்கள் வீடுகளில் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். பெண் பார்க்கப் போக மாட்டோம், மாடு வாங்க மாட்டோம். வேலையில் சேர்வது என்றால் ஆயுசுக்கும் உள்ள காரியம். தை பிறக்கட்டும், பொங்கல் முடிந்து சேரலாம் என்று முடிவாயிற்று. ஒரு மாதக் கெடு இருக்கிறது, என்ன அவசரம்?

அவள் கிறிஸ்தவள். அவளுக்கு மார்கழியும் ஒன்று, மாசியும் ஒன்று. ஆர்டர் வந்த மூன்றாம் நாள், தம்பியின் டி.வி.எஸ்.ஸில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"வாடி, ரெண்டு பேரும் நாளைக்கே போயி ஜாயின் பண்ணிடலாம். இன்னாத்துக்கு லேட் பண்ணணும்?" என்றாள்.

"உங்களுக்கு இன்னாடி, நாளா கிழமையா. எங்க வூட்ல தைக்கு அப்புறம்தான்."

"இப்ப சேர்ந்தா அரைப் பரீட்சை லீவுக்கும் சம்பளம் வரும்டி. கிறிஸ்மஸ் செலவுக்கு ஆச்சு."

நான் சிரித்தேன். ஒரு பத்து நாள் சம்பளத்துக்கு இப்படிப் பறக்கிறாளே என்று அவள் போன பிறகு வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவள் கிறிஸ்மஸுக்கு முன்னால் சேர்ந்தாள். நான் போகியன்று, வேலை தேடின காலம் முடிந்தது என்ற சந்தோஷத்தில், மனு நகல், ஹால் டிக்கெட், எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் அட்டை எல்லாவற்றையும் பழைய பாயோடு சேர்த்து வாசலில் கொளுத்தினேன். பொங்கல் விடுமுறை முடிந்த முதல் வேலை நாளில், நல்ல நேரம் பார்த்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

சேர்ந்த அன்றே ஆபீஸில் இருந்த கிளார்க் என் புடவையையும் என் ஆர்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபது நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். ஜனவரி முதல் தேதியிலிருந்து சேர்கிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, புதுத் திட்டம்தான் என்று டெல்லியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. எனக்கு அன்று அது உறைக்கவே இல்லை. இருபத்தைந்து வயதில் பென்ஷனைப் பற்றி யார் யோசிப்பார்கள்? ஓய்வு பெறுவதெல்லாம் மற்றவர்களுக்கு நடப்பது என்று நினைத்திருந்தேன்.

உறைத்தது மெல்ல மெல்லத்தான். முதலில் சம்பளச் சீட்டில். அவள் சீட்டில் ஜி.பி.எஃப். என்று பிடித்தார்கள், அது அவள் பெயரில் வட்டியோடு பத்திரமாக இருந்தது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். என் சீட்டில் பிடித்தது பங்குச் சந்தைக்குப் போயிற்று. அவள் ஜி.பி.எஃப்.பில் எடுத்துத் தவளக்குப்பத்தில் மனை வாங்கினாள். மறுபடி எடுத்து வீடு கட்டினாள். அப்புறம் மாடி. புதுமனைக்கு மஞ்சள் நிறப் பத்திரிகையோடு வந்து கூப்பிட்டாள். அன்று எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை, வயிற்றெரிச்சல். அதற்கு எந்த மாத்திரை போடுவது?

என் கணவருக்குச் சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை. கம்பெனி கை மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்தது போல ஆர்டர் கொடுப்பார்கள். அவருக்கு வரப்போகிற பி.எஃப். பென்ஷன் ஒரு கேஸ் சிலிண்டருக்கும் கொஞ்சம் கறிகாய்க்கும் காணும். வயதான காலத்தில் எங்கள் வீட்டுக்கு என்று மாதா மாதம் உள்ளே வரக்கூடிய பணம் என்னுடையது மட்டும்தான். அதைத்தான் நான் ஒரு மார்கழிக்குக் கொடுத்திருந்தேன்.

இதில் என் தொழில் வேறு என்னைப் பழி வாங்கிற்று. அரசாங்கம் ஏன் பழைய பென்ஷனை நிறுத்தியது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க வேண்டியவளே நான்தான். வரி வருமானம் செலவுக்குப் போதவில்லை, கடன் வாங்குகிறார்கள், கடனுக்கு வட்டி, வட்டி கட்ட மறுபடி கடன். பென்ஷன் என்பது நாற்பது வருஷம் கழித்துத் தருகிறேன் என்று இன்றைக்கே கொடுக்கும் வாக்கு, ஆட்கள் நீண்ட நாள் வாழ வாழ அந்த வாக்கின் கனம் ஏறும், அதனால் இனி சேர்கிறவர்களுக்கு வாக்குக் கொடுக்காமல் நிறுத்தினார்கள். இவ்வளவையும் தெளிவாக, நியாயமாக, ஐந்து மார்க்குக்கு எழுதும்படி சொல்லிக் கொடுப்பேன். சொல்லும்போதே பக்கத்து அறையிலிருந்து அவள் குரல் கேட்கும். பேரேடு, ஐந்தொகை என்று நிம்மதியாக நடத்திக்கொண்டிருப்பாள்.

இருபது வருஷ வட்டங்களும் என் மனசில் இருக்கின்றன. வருமான வட்டத்தில் முன்பு கம்பெனிகள் கட்டும் வரி பெரிய துண்டு. பிறகு ஜி.எஸ்.டி. என்று புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது, கலால் துண்டு சுருங்கியது. சம்பளக்காரர்கள் கட்டும் வருமான வரி வளர்ந்து வளர்ந்து கம்பெனித் துண்டைத் தாண்டியது. கொரோனா வந்த சமயம் கடன் துண்டு அந்தப் பக்கத்தையே விழுங்கியது. செலவு வட்டத்தில் வட்டி மட்டும் எந்த ஆட்சி வந்தாலும் அசையாமல் பெரிதாக இருக்கும். பென்ஷன் முதலில் 'இதர செலவு' என்பதற்குள் ஒளிந்திருந்தது. ஒரு வருஷம் அதைத் தனித் துண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு நான் வகுப்பில் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என்னைப் போல லட்சக்கணக்கான பேருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தார்களே, கடன் குறைந்ததா? குறையவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. குறைந்திருந்தால் நாட்டுக்காக விட்டுக் கொடுத்தேன் என்றாவது பீற்றிக்கொள்ளலாம்.

இடையில் இரண்டு பேரையும் காரைக்காலுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவள் சமைப்பாள், நான் பாத்திரம் தேய்ப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் உயிர்ச் சிநேகிதிகள். நானோ அவள் தூங்குவதைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன். படுத்ததும் தூங்கிவிடுவாள். பென்ஷன் உள்ளவள் தூங்குகிற தூக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

புதுத் திட்டத்தில் எங்களுக்கு முன்னால் ஓய்வு பெற்ற ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். வயது கடந்து வேலைக்கு வந்தவர், கொஞ்ச வருஷம்தான் சர்வீஸ். ஒருநாள் பள்ளிக்கு வந்து, மாதம் இவ்வளவு வருகிறது மிஸ் என்று செல்போனில் வங்கிச் செய்தியைக் காட்டினார். நான் தொகையைப் பார்த்துவிட்டு, தினசரி வருகிறதா சார் என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

அதற்கு அடுத்த மாதம்தான் எங்கள் ஆசிரியர் சங்கம் தர்ணா வைத்தது. பழைய பென்ஷனைத் திரும்பக் கொடு என்று பந்தல்கூட இல்லாமல் வெயிலில் உட்கார்ந்தோம். திரும்பிப் பார்த்தால் அவள் எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் பாட்டிலோடு என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"இந்தாடி, குடி. மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு."

"உனக்கு இங்க இன்னா வேலை? உனக்குத்தான் இருக்குதே. எங்கள வேடிக்கை பாக்க வந்தியா?" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படிதான் சொன்னேன்.

அவள் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போகாமல் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவளோடு பேச்சு நின்றது. நான்தான் நிறுத்தினேன். அவள் காலையில் "குட் மார்னிங்" சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

அப்படி இருக்கும்போது டெல்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு சேர்ந்திருந்தாலும், அந்த வேலைக்கான விளம்பரம் புதுத் திட்டத்தை அறிவிப்பதற்கு முன்பே வந்திருந்தால், ஒரே ஒரு முறை பழைய பென்ஷனுக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு கடைசித் தேதி. நான் அதை ஐந்து முறை படித்தேன். எங்கள் விளம்பரம் வெயில் காலத்தில் வந்தது. உத்தரவு டிசம்பரில்தான். எனக்கு உண்டு. இருபது வருஷம் கழித்து எனக்கும் உண்டு.

ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனுஷர். அலமாரியைக் குடைந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"அந்த ரெக்ரூட்மெண்ட் ஃபைலே இல்ல மேடம். ஆபீஸ் மாத்தும்போது எங்கயோ போயிடுச்சி. விளம்பரம் வந்த பேப்பர் காப்பி இருந்தா குடுங்க. அது இல்லாம நவுராது."

பேப்பர் காப்பி. போகித் தீயில் நான் போட்டவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எங்கள் பட்டியலில் இருந்த மற்றவர்களுக்குப் போன் போட்டேன். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் வேலையை விட்டு மகனோடு போய்விட்டார், மற்றவர்கள் என்னைப் போலவே தேடிக்கொண்டிருந்தார்கள். அவளைத் தவிர எல்லோரிடமும் கேட்டேன். கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருந்தது.

"அவுங்ககிட்ட கேட்டா இன்னா குறைஞ்சிடும்?" என்றார் கணவர்.

"அவ எதுக்கு வச்சிருக்கப் போறா? அவளுக்கு அது தேவையா?"

"இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். நம்ம ரெண்டு பேரும் கடைசில இன்னா திம்போம்னு யோசிச்சுப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசை முடிந்து வந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தவளக்குப்பம் போனேன். கடலூர் சாலையைக் கடக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. ஜங்ஷனிலேயே திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். அந்த வீட்டுக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. மாடிப்படி கிரானைட். ஒவ்வொரு படியிலும் எரிந்துகொண்டேதான் ஏறினேன், பொய் சொல்வானேன்.

அவள் நைட்டியில், கையில் மீன் வாசனையோடு கதவைத் திறந்தாள்.

"வா. அந்தப் பேப்பருக்குத்தான வந்த?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊரு முழுக்கக் கேட்டிருக்க. எங்கிட்ட மட்டும் கேக்கல. ஸ்டாஃப் ரூம்ல உன் டேபிள்ல கொண்டாந்து வைக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம், இவ வாயத் தொறந்து கேக்கட்டும், நாளைக்கு வரைக்கும் பாப்போம்னு வுட்டுட்டேன். நாளைக்கும் வரலன்னா நானே ஆபீஸ்ல குடுத்திருப்பேன்."

கை கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்தாள். அவளுடைய எல்லாத் தாள்களும் தேதி வரிசையில் இருந்தன. வணிகவியல்காரி அல்லவா. முதல் உறையில் மடித்த செய்தித்தாள் துண்டு, மஞ்சள் பூத்து, மடிப்பில் கிழியப் பார்த்தது. விளம்பரம் முழுசாக இருந்தது, மேலே பேப்பர் தேதியோடு. ஓரத்தில் நீல மையில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'நாள் கிழமை பார்த்துக்கொண்டு உட்காராதே. நாளைக்கே போய்க் கொடுத்துவிடு.'

என் கையெழுத்து.

"இது நான் வாங்கின பேப்பரு" என்றேன்.

"ஆமா. நீதான் பஸ்ல குடுத்த. நான் மாதா கோவில் தேர் முடியட்டும், மனுவ மாதா காலடில வச்சு எடுத்துட்டு அப்புறம் குடுக்கலாம்னு இருந்தேன். நீ திட்டுன. திட்டி இதுல எழுதியும் குடுத்த. மறுநாளே போயிக் குடுத்தேன்." சேலைத் தலைப்பு இல்லாததால் நைட்டியிலேயே கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆர்டர் வந்தப்பவும் இதுதான் ஞாபகம் வந்துச்சி. இவ்ளோ சொன்னவ நீயே லேட் பண்றியேன்னுதான் உன்னக் கூப்புட வந்தேன். லீவு சம்பளம் அது இதுன்னு சொன்னதெல்லாம் உன்ன எப்படியாவது கிளப்பத்தான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் என் வீட்டில், ஸ்டாஃப் ரூமில், கல்யாண வீடுகளில், யார் கேட்டாலும், எங்க அப்பா மார்கழியில் சேர வேணாம்னுட்டார் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. நெல் அறுப்பு பார்த்துக்கொண்டிருந்தவர், "ஆர்டர் வந்துட்டா போயிச் சேரும்மா" என்றுதான் சொன்னார். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி நாள் பார்த்தவள் நான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பழியைச் சொல்வது எனக்கு இன்னும் சுலபமாகிவிட்டது.

"மீன் கொழம்பு வச்சிருக்கேன். மணப்பட்டு மீனு. சாப்ட்டுப் போ" என்றாள்.

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அவளுக்கு அதுவும் நன்றாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். புத்தி எங்கே போகும்? போகும்போது தர்ணாவில் பேசியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்றேன். வரவில்லை. அவள், "பஸ்ஸு வந்துரும், போ" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் ஃபைல் நகர்ந்தது, பழைய பென்ஷன் ஆர்டரும் வந்தது. அதற்கு எத்தனை முறை அலைந்தேன் என்பதைச் சொன்னால் தனிப் புத்தகமாகும். இப்போது பிப்ரவரியில் அந்தத் துண்டைப் போடும்போது சாக்பீஸ் உடைவதில்லை. பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முன்பு அவளுக்குக் கிடைத்ததைப் பார்த்து எரிந்தேன். இப்போது, எவளோ ஒருத்தி கிறுக்கிக் கொடுத்த தாளை இருபது வருஷம் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கத் தெரிந்தவளாக நான் இல்லையே என்று எரிகிறேன். இதற்கு எந்த அரசாங்கமும் சுற்றறிக்கை அனுப்பப் போவதில்லை.

அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து இறங்கி நேராக ஜங்ஷனில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தாளை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தேன். கடைக்காரர் கண்ணாடி மேல் வைத்து, மடிப்பைத் தடவி நேராக்கினார்.

"ஓரத்துல பேனாவுல கிறுக்கியிருக்கே மேடம். வெள்ளப் பேப்பர் வச்சு மறைச்சு எடுக்கட்டா?"

"மறைச்சுடுங்க" என்றேன். அவர் ஒரு துண்டுத் தாளைக் கிழித்து அந்த வரியின் மேல் வைத்தார். மூடியைச் சாத்தப் போனார்.

"வேணாம். இருக்கட்டும். அப்படியே எடுங்க."

அவர் துண்டை எடுத்துவிட்டு, குனிந்து ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"எழுதினவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. கேட்டாங்களா?"

"ஒருத்தி கேட்டா" என்றேன். "மூணு காப்பி போடுங்க."